எந்தச் சிங்கம் அட்டையில் வேண்டும்?

கேள்வி: யூத சமயத்தில் சிங்கத்துக்கு உள்ள இடத்தைப் பற்றித் தமிழில் ஒரு நூல் எழுதி முடித்திருக்கிறேன். 'யூதா கோத்திரத்துச் சிங்கம்' என்று தலைப்பிடலாம் என்கிறார் பதிப்பாளர். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் காரணம் சொல்லத் தெரியவில்லை. வேறு என்ன தலைப்பு வைக்கலாம்?
– ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: உங்கள் தயக்கம் சரியானதே. அந்தத் தொடரைக் கேட்டவுடன் தமிழ் வாசகர் பெரும்பாலோருக்கு நினைவில் எழுவது விவிலியத்தின் வெளிப்படுத்தின விசேஷத்தின் ஐந்தாம் அதிகாரம். அங்கே அந்தச் சிங்கம் இயேசுவைக் குறிக்கிறது. நூல் கடையில் கிறிஸ்தவ பக்தி நூல்களின் அடுக்கில் போய் உட்காரும். அங்கே அதை வாங்குபவர் ஏமாறுவார், உண்மையில் அதைத் தேடுபவரின் கண்ணில் அது படாமல் போகும். போதாக்குறைக்கு, எத்தியோப்பியப் பேரரசர் ஹைலி செலாசியும் அதே தொடரைத் தம் விருதுப் பெயராகக் கொண்டிருந்தார்.

அத்தொடரின் வேர் ஆதியாகமம் 49-ஆம் அதிகாரத்தில், யாக்கோபு தம் மகன் யூதாவை வாழ்த்தும் இடத்தில் இருக்கிறது. பழைய தமிழ் விவிலியம் அதை 'யூதா பாலசிங்கம்' என்று அழகாகத் தருகிறது. ஆனால் 'பாலசிங்கம்' என்று மட்டும் அட்டையில் போட்டால் யாரோ ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு என்றுதான் எல்லோரும் எடுத்துப் பார்ப்பார்கள்.

அந்த ஒரு வரியிலிருந்து யூதர்களிடையே நூல் தலைப்பு வைக்கும் மரபே ஒன்று கிளைத்திருக்கிறது. யூதாவைச் சிங்கமாகச் சொன்னதால் 'யெஹூதா' என்ற பெயருடன் எபிரேயத்தில் 'அர்யே', ஐரோப்பிய யூதர்கள் பேசிய இத்திஷ் மொழியில் 'லைப்' என்ற சிங்கப் பெயர்கள் சேர்ந்தே வழங்கின. நூலாசிரியர்கள் தம் பெயரைத் தலைப்பிலேயே ஒளித்து வைத்தார்கள். பிராகாவின் மஹரால் எனப்பட்ட சமய அறிஞர் யெஹூதா லோவ், தோரா எனப்படும் மோசேயின் ஐந்து நூல்களுக்கு இடைக்கால உரையாசிரியர் ராஷி எழுதிய உரைக்குத் தாம் எழுதிய விளக்கத்துக்குச் சூட்டிய 'குர் அர்யே' என்ற பெயரின் பொருள் சிங்கக்குட்டி என்பதே. வெனிஸ் நகரத்து லியோன் மொதேனா கபாலா மறைஞானத்தை எதிர்த்து 1639-இல் எழுதிய நூல் 'அரி நோஹெம்', அதாவது கர்ஜிக்கும் சிங்கம். அர்யே லைப் குன்ஸ்பர்க் 1755-இல் வெளியிட்ட 'ஷாகத் அர்யே' சிங்க முழக்கம் என்று பொருள்படும். பெயரில் சிங்கம் உள்ளவர்களுக்கு உரிய உரிமை அது. நீங்களும் நானும் அதைக் கடன் வாங்க முடியாது.

என் பரிந்துரை 'சிங்கத்தின் ஆறு பெயர்கள்'. யூதச் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பான தல்மூதின் சன்ஹெத்ரின் பகுதி, சிங்கத்துக்கு அரி, கெஃபீர், லாவி, லாயிஷ், ஷஹல், ஷஹத்ஸ் என்று ஆறு பெயர்களை எண்ணிச் சொல்கிறது. மடங்கல், சீயம், கோளரி என்று பல பெயர் வைத்துப் பழகிய தமிழ் வாசகருக்கு இத்தலைப்பு உடனே பிடிபடும். 'யூத மரபில் ஒரு விலங்கின் வரலாறு' என்று துணைத்தலைப்பு சேர்த்துவிட்டால் எந்த அடுக்கில் வைப்பது என்ற குழப்பமும் தீரும். எபிரேயத்தில் சிங்கம் 'அர்யே' மட்டுமல்ல, 'அரி'யும்தான்; நம் நிகண்டுகளிலும் 'அரி' என்பதைக் கண்டு மகிழுங்கள். ஆனால் வடமொழி 'ஹரி' வழியாக நமக்கு வந்த சொல்லை எபிரேயத்தோடு முடிச்சுப் போட்டு ஓர் அத்தியாயம் எழுதிவிடாதீர்கள், அந்த ஒற்றுமை தற்செயலானது.

கேள்வி: அட்டைக்குப் பிடரி சிலிர்த்த ஆப்பிரிக்கச் சிங்கத்தின் புகைப்படம் ஒன்றைப் பதிப்பாளர் எடுத்து வைத்திருக்கிறார். அது பொருந்துமா?

பதில்: பொருந்தாது. யோர்தான் கரைப் புதர்களிலும் விவிலிய வீரர் சிம்சோன் போன திம்னா வழியிலும் இருந்தது இன்று குஜராத்தின் கிர் காட்டிலும் அதன் சுற்றுப்புறத்திலும் மட்டும் எஞ்சியுள்ள ஆசியச் சிங்கம். பிடரி சிறுத்து, காதுகள் வெளியே தெரியும். விவிலியம் சொல்லும் அந்த நாட்டில் அது ஏறத்தாழ 13-ஆம் நூற்றாண்டோடு மறைந்துவிட்டது. கிர் சிங்கத்தின் படத்தைப் போட்டாலும் உங்கள் நூலைக் காட்டியதாகாது, ஏனெனில் நீங்கள் எழுதியிருப்பது காட்டுச் சிங்கத்தைவிட அது மறைந்த பின்னும் தோராச் சுருள்களை வைக்கும் பேழையின் திரையிலும் பெயரிலும் வாழ்ந்த சிங்கத்தைப் பற்றி.

ஆகவே யூதர்கள் தாமே வரைந்த ஒரு சிங்கத்தைத் தேர்ந்தெடுங்கள். என் முதல் தேர்வு இஸ்ரேலில் உள்ள பெத் அல்ஃபா என்ற பழைய யூத ஜெப ஆலயத்தின் தரைச் சித்திரம். 6-ஆம் நூற்றாண்டில் மரியானோஸ் என்பவரும் அவர் மகன் ஹனினாவும் சிறு கற்களைப் பதித்து ஆக்கியது. 1928-இன் இறுதியில் பாசனக் கால்வாய் வெட்டியவர்களின் கண்ணில் பட்டு, 1929-இல் தொல்லியலாளர் சுகேனிக் அதை முறையாக அகழ்ந்தார். தோராப் பேழையின் இரு பக்கமும் காவல் நிற்கும் அச்சிங்கங்கள் ஒரு குழந்தை வரைந்தவை போல் இருக்கும். அந்த வெகுளித்தனம்தான் வாசகரை நிறுத்தி வைக்கும். புகைப்பட உரிமை கிடைப்பது கடினமானால் நல்ல ஓவியரைக் கொண்டு கோட்டுச் சித்திரமாக வரையச் செய்யலாம்.

இஸ்ரேலின் பழைய நகரமான மெகித்தோவில் 1904-இல் கிடைத்த முத்திரையும் உண்டு. கர்ஜிக்கும் சிங்கத்துடன் 'யெரொபெயாமின் பணியாளன் ஷெமாவுக்கு உரியது' என்று இஸ்ரவேல் அரசனின் பெயர் சொல்லும் எழுத்துகள் கொண்ட அந்தச் சூரியகாந்தக்கல் முத்திரை பின்னர் தொலைந்துபோய், அதன் வெண்கல வார்ப்பே எஞ்சியது. அது நூலின் முதுகுப்பகுதிக்கு மிகப் பொருத்தம்.

எருசலேமின் சிங்க வாயிலை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அதன் இருபுறமும் செதுக்கியிருப்பவை மம்லூக் சுல்தான் பைபர்ஸின் சின்னமான சிறுத்தைகள் என்பதே அறிஞர் பலரின் கருத்து. இஸ்ரேல் கொடியின் நீலக் கோடுகளும் விண்மீனும் வேண்டாம். 2025 ஜூனில் ஈரான்மீது நடந்த தாக்குதலுக்கு இஸ்ரேல் வைத்த பெயரிலேயே சிங்கம் இருந்ததால், உங்கள் நூல் அரசியல் நூலாகவே பார்க்கப்படும்.

கேள்வி: அட்டையில் எபிரேய எழுத்து சேர்க்கலாமா?

பதில்: சிறிதாகச் சேர்க்கலாம். ஆலெஃப், ரேஷ், யோத், ஹே என்ற நான்கு எழுத்துகளில் 'அர்யே' அமைந்துவிடும். அவற்றின் எண்மதிப்பான 216, வல்லமை என்று பொருள்படும் 'கெவூரா'வுக்கும் உரியது என்பதைப் பின்னட்டையில் ஒரு வரியில் சொல்லலாம். எபிரேயம் வலமிருந்து இடமாக எழுதப்படுவதால், வடிவமைப்பு மென்பொருள் எழுத்துகளைத் தலைகீழ் வரிசையில் அடுக்கிவிடக்கூடும். அச்சுக்குப் போகுமுன் அம்மொழி படிக்கத் தெரிந்த ஒருவரிடம் மெய்ப்புப் படியைக் காட்டிவிடுங்கள்.