சீக்காளியா அவன்?

கேள்வி: என் தங்கை மகனுக்கு 7 வயது. போன வருடம் மட்டும் இரண்டு தடவை நிமோனியா. காதில் சீழ் நிற்பதே இல்லை. பிறந்ததிலிருந்தே சீக்காளிப் பிள்ளை. எதிர்ப்பு சக்திக்கு நல்ல டானிக் ஒன்று சொல்லுங்களேன்.
– ஒரு தாய்மாமன், உசிலம்பட்டி

பதில்: முதலில் அந்தச் 'சீக்காளி'யை விடுங்கள். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு ஆத்திரம் வரும். மேலூரில் ஐந்தாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்கு அதுதான் பெயர். காதில் எந்நேரமும் பஞ்சு. மத்தியானத்துக்குள் அது மஞ்சளாக ஊறிவிடும். நாற்றம் தாங்கவில்லை என்று வாத்தியார் அவனைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார். அரைப் பரீட்சை லீவு முடிந்து அவன் வரவில்லை. "சீக்காளிப் பிள்ளை, போய்ச் சேர்ந்துட்டான்" என்றார்கள். ஏன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

8 வயதுப் பையன் ஒருவனுக்காக அப்படிக் கேட்டவர் ஆக்டன் புரூட்டன் என்ற அமெரிக்க ராணுவ டாக்டர். நிமோனியாக் கிருமி திரும்பத் திரும்ப அவன் ரத்தத்தில் ஏறியது. சோதித்தால் காமா குளோபுலினே இல்லை. அதாவது, கிருமியை மடக்கும் ஆன்டிபாடி இல்லை. அதை ஊசியில் ஏற்றினார், பையன் தேறினான். இதை அவர் எழுதியது 1952-ல். என் சிநேகிதன் செத்தது அதற்கு எத்தனையோ வருடம் கழித்து.

உங்கள் மருமகனுக்கும் இதுதான் என்று சொல்லவில்லை. ஆனால் டானிக்கில் ஆன்டிபாடி கிடையாது. சீட்டில்லாமல் மெடிக்கலில் வாங்கும் மூன்று நாள் மாத்திரையும் வேண்டாம். இதை எழுதும்போதெல்லாம் கடைக்காரர்கள் கோபமாகக் கடிதம் போடுகிறார்கள். போடட்டும், மறுபடியும் எழுதுவேன். மதுரை பெரியாஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவுக்குப் போய், இம்யூனோகுளோபுலின் (ஆன்டிபாடிக்கு இன்னொரு பெயர்) அளவு பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். குறைவென்றால் அதை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றுவார்கள். ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள் தானமாகக் கொடுத்த பிளாஸ்மாவிலிருந்து, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியிலிருந்து பிரித்தெடுப்பது, விலை கூடுதல்தான்.

அப்புறம், 'பிறந்ததிலிருந்தே' என்கிறீர்களே, தங்கையிடம் சரியாகக் கேளுங்கள். முதல் ஆறு மாதம் நன்றாக இருந்தானா? தாய் கொடுத்த ஆன்டிபாடி அதுவரை காக்கும். அது தீர்ந்தபின் தொடங்கியதென்றால் டாக்டருக்கு அது பெரிய தடயம்.

புரூட்டன் கண்ட வகை தாய்வழியாக ஆண்பிள்ளைகளுக்கு வருவது. தங்கையை யாரும் குறை சொல்ல விடாதீர்கள். தாய்க்கே தெரியாமல் வருவது அது. உங்கள் கூடப்பிறந்தவர்களிலோ அம்மாவின் கூடப்பிறந்தவர்களிலோ ஆண்பிள்ளை யாராவது சின்ன வயதில் காய்ச்சலில் தவறினார்களா? அம்மாவிடம் கேட்டுக்கொண்டு போங்கள். காதுகுத்துக்கு அவனை மடியில் வைத்தவர் நீங்கள்தானே? பழைய சீட்டுகளை எல்லாம் ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு, இந்த வாரமே கூட்டிப் போங்கள்.