அலுவலகக் காற்று மானிட்டரில் வாரச் சராசரி 750 வந்தால் நிம்மதியாக இருக்கலாமா?

கார்பன் டை ஆக்சைடு ஒரு வாரச் சராசரி 750 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு 750 பங்கு), வழக்கமாகச் சொல்லும் 1000-க்குக் கீழேதானே, விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விடாதீர்கள். அந்தச் சராசரியில் ராத்திரியும் சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆளே இல்லாத 15 மணி நேரம் 450, ஆட்கள் இருக்கிற 9 மணி நேரம் 1250 என்றால்கூட 24 மணி நேரத்துக்குச் சராசரி 750தான் வரும், ஆனால் நீங்கள் உட்கார்ந்திருப்பது 1250-ல்.

நான் டெல்லியில் ஓக்லா பக்கம் வேலை பார்க்கிறேன். நவம்பர் வந்தாலே புகைக்குப் பயந்து ஜன்னலையெல்லாம் அடைத்துவிடுவோம். கணக்குப் பிரிவில் கும்பகோணத்து அக்கா ஒருவர், தினமும் மூன்று மணிக்கு நெற்றியில் தைலம் தேய்த்துக்கொண்டு உட்காருவார், கண்ணாடி பவர் மாறியிருக்கும் அக்கா என்று நாங்களே சொல்லியிருக்கிறோம். இருந்தது ஒரே மானிட்டர், அதுவும் வாசல் கதவை ஒட்டி ரிசப்ஷன் மேஜையில், எப்போதும் பச்சை விளக்கு. அதைத் தூக்கி அக்கா மேஜையில் ஒரு வாரம் வைத்து, மணிவாரியாகப் பிரித்துப் போட்டுப் பார்த்தால், மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை ஒரு நாள்கூட 1700-க்குக் கீழே இறங்கவில்லை. எனக்கு மனசே ஆறவில்லை. தலைவலிக்கு அதுதான் காரணம் என்று இந்த எண்ணை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் அந்த மூலைக்குப் புதுக்காற்று போகவில்லை என்று தாராளமாகச் சொல்லலாம்.

அப்புறம், நிமிடத்துக்கு ஒன்று வீதம் வாரத்துக்கு 10,080 அளவீடு இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். அறைக் காற்று மெதுவாகத்தான் மாறும், இந்த நிமிடத்து எண் போன நிமிடத்து எண்ணின் நிழல். அதனால் ஒவ்வொரு நாளையும் ஒரு அலகாக வைத்துக்கொள்ளுங்கள், ஐந்து வேலை நாள் என்றால் கையில் ஐந்தே அளவீடுதான், குறைந்தது மூன்று நான்கு வாரம் எடுங்கள்.

ஜன்னலைத் திறந்தால் தூசி வரும் என்பதால் பிஎம் 2.5 என்கிற நுண்தூசியையும் சேர்த்தே அளக்க வேண்டும். அது பெரும்பாலும் குறைவாக இருந்து சில மணி நேரம் மட்டும் எகிறும், ஆகவே சராசரியை விட இடைநிலையும் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) 95-வது சதமானமும் (நூற்றுக்கு 95 அளவீடு அதற்குள் அடங்கும் எண்) பாருங்கள், எண்களுக்கு லாக், அதாவது மடக்கை, எடுத்தால் வரைபடம் ஒழுங்காக அமையும். 24 மணி நேரத்துக்கு இந்திய வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது 15. உங்கள் பிஎம் 2.5 அளவை, பக்கத்து அரசு காற்றுத்தர நிலையத்தின் அதே மணி அளவால் வகுத்துப் பார்த்தால், உங்கள் காற்று ஃபில்டர் வேலை செய்கிறதா என்பதும் ஓரளவு தெரிந்துவிடும்.

மானிட்டரை எந்த மேஜையில் வைத்தீர்கள், மணிவாரியாக எவ்வளவு வந்தது என்று போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.