பொதிகை மலை எரிமலையா?

கேள்வி: எங்கள் ஊர் கடையம் பக்கம். 2024 செப்டம்பரில் அம்பாசமுத்திரம், பாபநாசம் பக்கமெல்லாம் நிலம் அதிர்ந்ததாகப் பேச்சு வந்தது. எங்கள் பரணில் இருந்த பாத்திரங்களும் கலகலத்தன. பொதிகையே பழைய எரிமலைதான், முன்பு திருநெல்வேலி பக்கம் அபிஷேகப்பட்டியில் பாறைக் குழம்பு வந்ததே என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணாச்சி. தை பிறந்ததும் மாடியோடு வீடு கட்டலாம் என்று இருக்கிறோம். கட்டலாமா?

பதில்: தாராளமாகக் கட்டுங்கள். கம்பி கட்டும்போது மட்டும் ஒரு விஷயம் பார்க்க வேண்டும், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் பொதிகை. அங்கே இருப்பது எரிமலைக் கல் இல்லை. பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், அழுத்தத்திலும் சூட்டிலும் வெந்து உருமாறிய கல். மேலே கிடந்ததெல்லாம் மழையிலும் காற்றிலும் கரைந்துபோக, அடியில் இருந்தது இன்று நம் கண்ணுக்குத் தெரிகிறது.

எரிமலைக்கு வேறு இடம் வேண்டும். பூமியின் மேலோடு பல தட்டுகளாக உடைந்து கிடக்கிறது. அதற்கு அடியில் குழம்புக் கடல் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அங்கே இருப்பதும் பெரும்பாலும் திடப் பாறைதான். மிக மெதுவாக நகரக்கூடிய பாறை. கடலடித் தட்டு ஒன்று இன்னொன்றின் கீழே செருகிக்கொண்டு போகும்போது, தன்னோடு தண்ணீரையும் கொண்டுபோகிறது. சுமார் 100 கிலோமீட்டர் ஆழத்தில் அந்தத் தண்ணீர் மேலே உள்ள சூடான பாறைக்குள் ஏறுகிறது. வெல்லத்தை வெறும் சட்டியில் போட்டால் இளக நேரமாகும், ஒரு கை தண்ணீர் விட்டால் சீக்கிரம் பாகாகிவிடும் இல்லையா? ஏறக்குறைய அந்த மாதிரிதான், ஈரம் பட்ட பாறை குறைந்த சூட்டிலேயே உருகிவிடும். உருகியது மேலேறி வந்தால் எரிமலை. அந்தமானில் உள்ள பாரன் தீவு அப்படிப் பிறந்தது. நூறு ஆண்டுகளுக்கு மேல் அடங்கிக் கிடந்து, 1991-இல் மறுபடி வெடித்தது.

நில அதிர்வின் கதை வேறு. மழைக்காலத்தில் ஊதிப்போன மேசை இழுப்பறையை நினைத்துக்கொள்ளுங்கள். இழுக்க இழுக்க வராது, திடீரென்று வெடுக்கென்று வந்து சாமான் எல்லாம் சிதறும். தட்டுகளின் விளிம்பிலும் அப்படித்தான், பல ஆண்டுகள் சிக்கிக்கொண்டு நின்றுவிட்டு திடீரென்று வழுக்கும். 2004 டிசம்பர் 26-இல் சுமத்ரா பக்கம் சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு விளிம்பு அப்படிக் கிழிந்தது. அதன் அலைதான் குளச்சல் வரை வந்தது. இந்த இழுபறிக்கு எரிமலை தேவையே இல்லை. இமயமலையில் பெரிய நிலநடுக்கங்கள் வருகின்றன, ஆனால் அங்கே எரிமலை வரிசை கிடையாது. இரண்டு பக்கமும் கனமில்லாத கண்டத் தட்டு என்பதால் ஒன்று இன்னொன்றின் கீழே ஆழமாகப் போக மாட்டேன் என்கிறது.

சரி, நம் ஊர்? தட்டின் விளிம்பு நமக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். ஆனால் இந்தியத் தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடக்கே நகர்ந்து இமயத்தில் முட்டுகிறது. அந்த நெருக்கல் தட்டு முழுக்கப் பரவுகிறது. உள்ளே பழைய பிளவுகள் உண்டு. அச்சன்கோவிலில் இருந்து தென்காசி வட்டாரம் வழியாகப் போகும் பட்டை அவற்றில் ஒன்று. இப்படிப்பட்ட தழும்புகள் எப்போதாவது லேசாக அசையும். 1900-இல் கோயம்புத்தூர்ப் பக்கம் ரிக்டர் 6 அளவுக்கே நிலநடுக்கம் வந்தது. 2016 கட்டட விதித் தொகுப்பின் நிலநடுக்க வரைபடத்தில் நம் பக்கம் அபாயம் குறைந்த மண்டலங்களில்தான் வந்தது. (கல்குவாரி வெடியிலும் பாத்திரம் ஆடும். அதையும் விசாரித்துவிடுங்கள்.)

அபிஷேகப்பட்டி பற்றி அண்ணாச்சி சொன்னது கட்டுக்கதை இல்லை. 1990-களின் கடைசியில் அங்கே மண்ணிலிருந்து உருகிய பாறை வந்ததாக எழுதினார்கள், புவியியலாளர்களுக்குள் வாக்குவாதமும் நடந்தது. என் சந்தேகம் மின்கம்பத்தின் மேல்தான். உயர் அழுத்த மின்சாரம் தரையில் கசிந்தால் மண் உருகிக் கண்ணாடியாகிவிடும். அப்படி எங்கேயாவது புகையைக் கண்டால் எரிமலை பார்க்கக் கூட்டம் கூடாதீர்கள். பத்து மீட்டருக்கு அப்பால் நின்று மின்வாரியத்துக்குப் போன் போடுங்கள், அந்தத் தரையில் மின்சாரம் இருக்கும்.

இனி கம்பி. பில்லர் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கின் முனையைப் பலர் செங்கோணமாக மடித்து விட்டுவிடுவார்கள். ஆட்டம் வந்தால் அது விரிந்துகொள்ளும். முனை உள்பக்கமாக, பில்லரின் நடுவைப் பார்த்து 135 டிகிரி மடங்கியிருக்க வேண்டும். பில்லரின் மேலும் கீழும் ரிங்குகள் நெருக்கமாக, நாலு அங்குலத்துக்கு ஒன்று வரட்டும். செங்கல் சுவர் மட்டும்தான், பில்லர் இல்லை என்றால் லிண்டல் மட்டத்தில், அதாவது கதவு ஜன்னலுக்கு மேலே, கான்கிரீட் பெல்ட்டை நாலு சுவரிலும் விட்டுப்போகாமல் ஓட்டச் சொல்லுங்கள். இதற்கெல்லாம் செலவு பெரிதாக ஏறாது, கம்பி கட்டுபவர் முணுமுணுப்பார், அவ்வளவுதான். கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள் சாயங்காலமே போய்ப் பார்த்துவிடுங்கள். மறுநாள் பத்து மணிக்குப் போனால் பார்க்க ஒன்றும் மிச்சமிருக்காது.