ஆல்கி ஸ்க்ரப்பர் வேலை செய்யும், பாசியை நீங்கள் வெளியே எடுத்தால்

கடல் நீர்த் தொட்டியில் நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் இறங்க மாட்டேன் என்கின்றன, பாறை முழுக்கப் பச்சைப் பாசி, ஆல்கி ஸ்க்ரப்பர் (தண்ணீர் வழியும் வலையில் விளக்கு போட்டுப் பாசி வளர்க்கும் அமைப்பு) வைத்தால் சரியாகுமா, பராமரிப்பது பெரிய வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் வாராவாரம் தண்ணீர் மாற்றிச் சலித்திருப்பீர்கள். பாறைகளை வெளியே எடுத்து பிரஷ் போட்டுத் தேய்த்திருப்பீர்கள். யாரோ சொன்னதைக் கேட்டு நத்தைகளும் வாங்கி விட்டிருப்பீர்கள். நானும் அந்த வழியாக வந்தவன்தான், அதனால் சொல்கிறேன்.

தாராளமாக வைக்கலாம். ஆனால் மாட்டிவிட்டு மறந்துவிடலாம் என்ற எண்ணம் இருந்தால் வேண்டாம். பாசி வளர இடம் கொடுப்பது மட்டும்தான் அதன் வேலை. வளர்ந்ததை வெளியே எடுத்துப் போடுவது உங்கள் கை.

மீனுக்குப் போடும் தீனியில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் இருக்கின்றன. மீன் தின்று கழித்தாலும் சரி, தின்னாமல் மூலையில் கிடந்து அழுகினாலும் சரி, இரண்டும் நைட்ரேட், பாஸ்பேட்டாகத் தண்ணீருக்குத்தான் வரும், பாசிக்கு அதுதான் சத்து. நைட்ரஜனில் ஒரு பகுதியை லைவ் ராக் எனும், நுண்ணுயிர்கள் குடியிருக்கும் பாறையின் உள்ளே இருக்கும் பாக்டீரியா வாயுவாக்கி வெளியேற்றிவிடும். பாஸ்பரஸுக்கு அந்த வழியும் கிடையாது. நத்தை பாசியைத் தின்கிறது, உண்மைதான், ஆனால் தின்றதில் பெரும்பகுதி கழிவாக அதே தண்ணீருக்குத் திரும்புகிறது. வாசல் குப்பையைக் கொல்லைக்குத் தள்ளிய கதை. ஸ்க்ரப்பரில் வளர்ந்த பாசியை நீங்கள் வழித்து எடுக்கும்போது மட்டும் அது தொட்டியை விட்டே போகிறது.

இதை நான் சொல்லத் தொடங்கிய காலத்தில், எனக்கு முன்பிருந்தே தொட்டி வைத்திருக்கும் ஒருவர் நாலு பேர் முன்னால் வைத்து, "பாசியை ஒழிக்கப் பாசி வளர்க்கிறாயா தம்பி, இதெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் செய்யும் புராஜெக்ட்" என்றார். அந்தப் பேச்சு இன்றும் உறுத்துகிறது. பள்ளிக்கூட புராஜெக்ட் என்றால், ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வால்டர் ஏடி பவளப்பாறை மாதிரித் தொட்டிகளை இந்த முறையில் நடத்தியது எந்தக் கணக்கில் சேரும்? 1982-லேயே அவர் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கிவிட்டார். அவருடைய அமைப்பில் ஒரு வாளி நிறைந்து நிறைந்து கவிழும், ஆழமில்லாத தட்டில் விரித்த வலையின் மேல் அலை அலையாகத் தண்ணீர் பாயும். செங்குத்தாக வலையைத் தொங்கவிட்டு அருவி மாதிரி தண்ணீர் வழியவிடும் இன்றைய முறை பின்னால் தொட்டி வளர்ப்பவர்கள் பரப்பியது. நான் வைத்திருப்பதும் அதுதான்.

செய்முறை சுருக்கமாக. கைத்தையலுக்கு விற்கும் கட்டம் போட்ட பிளாஸ்டிக் வலை ஒன்று. அதன் இரண்டு பக்கமும் ரம்பப் பல்லால் நன்றாகக் கீறிச் சொரசொரப்பாக்குங்கள். விரலால் தடவினால் முள்முள்ளாகத் தட்டுப்பட வேண்டும். இதில் சோம்பல் பட்டால் பாசி பிடிக்காது, பிடித்தாலும் கொத்தாகக் கழன்று சம்ப்பில், அதாவது தொட்டிக்குக் கீழே இருக்கும் துணைத் தொட்டியில், விழும். பிவிசி குழாயில் சுமார் 3 மில்லிமீட்டர் அகலத்துக்கு நீளவாக்கில் ஒரு பிளவு வெட்டி, வலையின் மேல் விளிம்பை அதற்குள் செருகுங்கள். வலையின் அகலத்தில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் மணிக்கு 50 லிட்டர் தண்ணீராவது வர வேண்டும். 25 சென்டிமீட்டர் வலை என்றால் 1,250 லிட்டர். பம்ப் மேல் எழுதியிருக்கும் அளவை நம்பாதீர்கள், உயரத்துக்கு ஏற்றும்போது அது குறையும். குழாயிலிருந்து வரும் தண்ணீரை ஒரு பாத்திரத்தில் பிடித்து நேரம் பார்த்துக் கணக்கிடுங்கள்.

வலையின் அளவைத் தொட்டியின் லிட்டர் கணக்கில் பார்க்க வேண்டாம், தீனியின் கணக்கில் பாருங்கள். தினம் ஒரு கட்டி உறைந்த தீனி போடுகிறீர்கள் என்றால், இரண்டு பக்கமும் வெளிச்சம் படும் 8-க்கு 10 சென்டிமீட்டர் வலை போதும். பெரிய தொட்டியில் நாலு சின்ன மீன் வைத்திருப்பவருக்குச் சின்ன வலையே மிச்சம். பெரிய வலை வைத்தால் நல்லதுதானே என்று கேட்பார்கள். சத்து போதாத பெரிய வலையில் பாசி ஒழுங்காகப் பிடிக்காது.

விளக்கு, செடி வளர்க்கும் சிவப்பு எல்இடி. 660 நானோமீட்டர் சிவப்பும் கொஞ்சம் நீலமும் இருந்தால் போதும். ஆரம்பத்தில் ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரம் மட்டும் எரியவிடுங்கள், பச்சை பிடித்த பிறகு படிப்படியாகக் கூட்டி 18 மணி வரை போகலாம். பாசிக்கும் இருட்டு வேண்டும். தொட்டி விளக்கு அணைந்திருக்கும் இரவில் இது எரிவது மாதிரி டைமர் வையுங்கள். இரவில் எல்லா உயிரும் மூச்சு விட்டு கார்பன் டை ஆக்ஸைடு ஏறி பிஹெச் இறங்கும் நேரத்தில், ஸ்க்ரப்பர் அந்த வாயுவை இழுத்துக்கொள்ளும். குழாயின் பிளவின் மேல் மட்டும் வெளிச்சமே படக் கூடாது. பட்டால் பிளவுக்குள்ளேயே பாசி வளர்ந்து அடைத்துக்கொள்ளும், வலையின் ஒரு பக்கம் காய்ந்துபோகும். கறுப்பு பிளாஸ்டிக் துண்டு ஒன்றை வளைத்து மூடினால் முடிந்தது.

அப்புறம் பொறுமை. எனக்கு முதலில் வந்தது பழுப்பு நிற வழவழப்பு மட்டும்தான். வீட்டில் கேட்டார்கள், நண்பர்கள் கேட்டார்கள், நான் எதையும் மாற்றவில்லை. வழவழப்பை விரலால் மெதுவாக வழித்துவிட்டு அப்படியே விட்டேன். பிறகு தண்ணீர் வேகமாக விழும் மேல் ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி. அது விரிந்து வலையே தெரியாமல் முடிமுடியாகத் தொங்கத் தொடங்கியது. முதல் நல்ல அறுவடையைப் பிழிந்தபோது உள்ளங்கை கொள்ளாமல் இருந்தது. கடற்கரை வாசம், ஊடே துள்ளும், இறால் இனத்துக் குட்டிப் பூச்சிகளான ஆம்பிபாடுகள். அந்தப் பிடி பாசி அத்தனையும் இல்லாவிட்டால் என் பாறைமேல்தான் வளர்ந்திருக்கும் என்று நினைக்கும்போது வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல.

பாறைப் பாசி உடனே போகவில்லை, உங்களுக்கும் போகாது. டெஸ்ட் கிட்டில் நைட்ரேட் பூஜ்யம் காட்டும், பாறையில் பாசி செழிப்பாக நிற்கும். வருஷக்கணக்கில் பாறைக்குள் ஏறிய பாஸ்பேட் மெல்ல மெல்லக் கசிகிறது, அதைத் தண்ணீரில் கலக்கும் முன்பே அங்கேயே இருக்கும் பாசி உறிஞ்சிக்கொள்கிறது. இந்தக் கட்டத்தில்தான் பலர் ஸ்க்ரப்பரைக் கழற்றிப் போடுகிறார்கள். மாதங்கள் ஆகும். முதலில் வெளிறும், பிறகு பிடிப்பு விட்டு, தொட்டால் கையோடு வரும்.

சுத்தம் செய்வது 7 முதல் 14 நாளுக்கு ஒருமுறை. வலையைக் கழற்றி, குழாயடியில் உப்பில்லாத நல்ல தண்ணீரில் நகத்தாலோ பிளாஸ்டிக் அட்டையாலோ வழித்தால் போதும். நல்ல தண்ணீர் பட்டால் பாசியைத் தின்னும் பூச்சிகளும் செத்துப்போகும். வலை வெள்ளையாகும்வரை தேய்க்கவே கூடாது, அடியில் மெல்லிய பச்சை மிஞ்ச வேண்டும், அடுத்த வளர்ச்சி அதிலிருந்துதான். அதற்காகத் தள்ளிப்போடவும் கூடாது. தடித்தால் மேல் பாசி வெளிச்சத்தை மறைத்து அடிப் பாசி செத்து, உறிஞ்சியதையெல்லாம் தண்ணீரிலேயே கக்கிவிடும். கறுப்பாகத் தார் மாதிரி வளர்ந்தால் சத்து மிக அதிகம், அடிக்கடி வழியுங்கள். மஞ்சளாக ரப்பர் மாதிரி வந்தால் சத்துக்கு மிஞ்சிய வெளிச்சம், நேரத்தைக் குறையுங்கள். கால் மணி நேர வேலை, இதைக் கஷ்டம் என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஸ்கிம்மர், அதாவது நுரை கிளப்பிக் கழிவை எடுக்கும் கருவி, வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். ஸ்கிம்மரைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. அது கரிமக் கழிவைச் சிதைவதற்கு முன்பே நுரையோடு எடுக்கிறது, காற்றையும் கலக்கிறது. கரைந்துவிட்ட நைட்ரேட்டை அது எடுக்காது, அவ்வளவுதான். ஸ்க்ரப்பர் வைத்தால் தண்ணீர் மஞ்சளாகும் என்ற குற்றச்சாட்டில் உண்மை உண்டு. ஒரு பை ஆக்டிவேட்டட் கார்பன் போட்டால் தெளிந்துவிடும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. பாசி என்று சொன்னதுமே "ஒரு டாங் வாங்கி விடுங்க சார்" என்று அந்தப் பாசி தின்னும் மீனை விற்பவர்கள் இருக்கிறார்கள். தெரிந்த ஒருவரின் 100 லிட்டர் தொட்டிக்கு நீல டாங் குட்டியைக் கட்டிக் கொடுத்தார்கள். அந்த மீன் 30 சென்டிமீட்டர் வரை வளரும், நாள் முழுக்க நீந்தும் சாதி. அந்தக் கண்ணாடிக்குள் அது முன்னும் பின்னும் திரும்பித் திரும்பி, கடைசியில் வெள்ளைப் புள்ளி நோய் வந்து செத்தது. பாசி அப்படியேதான் இருந்தது. விற்றவருக்கு அதன் அளவு தெரியாது என்று நான் நம்பத் தயாராக இல்லை. பாசிக்காக உயிரை வாங்காதீர்கள்.

கடைசியாக, பவளம் வைத்திருந்தால் நைட்ரேட், பாஸ்பேட் இரண்டையும் பூஜ்யத்தில் நிற்க விடாதீர்கள். பவளம் வெளிறும், டைனோஃப்ளாஜெல்லேட் என்ற பழுப்புக் கோழை மணலில் படரும், அதைப் போக்குவது இந்தப் பாசியைவிடப் பெரும்பாடு. அளவு அங்கே போகிறது என்று தெரிந்ததும் விளக்கு நேரத்தைக் குறையுங்கள், இல்லாவிட்டால் மீனுக்குக் கூடக் கொஞ்சம் தீனி போடுங்கள்.