தான் இசையமைத்த கார்மென் ஓபரா (பாட்டாலேயே நடக்கும் இசை நாடகம்) தோற்ற துக்கத்தில்தான் பிரெஞ்சு இசையமைப்பாளர் ஜார்ஜ் பிஸே இறந்தாரா?

அப்படி ஒரு கதை உண்டு, ஆனால் உயிரைப் பறித்தது மாரடைப்பு. 1838-இல் பாரிஸில் பிறந்தவர், தொண்டைக் கோளாறு நெடுநாளாகவே இருந்தது, அதோடு சேன் ஆற்றில் நீந்தப் போய்க் காய்ச்சலில் படுத்தவர் 1875 ஜூன் 3 அன்று 36 வயதில் போய்விட்டார். அதற்குச் சரியாக மூன்று மாதம் முன்னால் அரங்கேறிய கார்மெனை, சுருட்டாலைப் பெண் கதாநாயகியா, மேடையிலேயே கொலையா என்று விமர்சகர்கள் கிழித்தது உண்மைதான், அந்த வருத்தமும் இருந்திருக்கும். கொடுமை என்னவென்றால், அதே ஆண்டு அக்டோபரில் வியன்னாவில் அது பெரிய வெற்றி!

அவர் 17 வயதில் எழுதிய சிம்பொனிகூட (பெரிய வாத்தியக் குழுவுக்கான இசைப் படைப்பு) 1935-இல்தான் முதன்முதலாக மேடையேறியது.

அப்புறம், 1863-இல் வந்த 'முத்துக் குளிப்போர்' ஓபராவின் கதை நடப்பது இலங்கையில். அதில் நண்பர்கள் இருவரும் சேர்ந்து பாடும் பாட்டை முதலில் கேளுங்கள்.