பெயோட்டி: வழிபாடா, போதையா?

சடங்கில் பெயோட்டி உண்பது போதைக்கான சாக்குதானே என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. மெக்சிகோவின் விக்சாரிக்கா மக்களுக்கு முள்ளில்லாத இந்தச் சிறு கள்ளி தெய்வம். நோன்பிருந்து, தம் தவறுகளை எல்லோர் முன்னும் ஒப்புக்கொண்டுவிட்டு விரிகுட்டா பாலைநிலத்துக்கு யாத்திரை போகிறார்கள். அங்கே முதலில் தென்படும் கள்ளியை மானாகவே கருதி அம்பெய்வார்கள், பிறகுதான் பறிப்பது. கசப்பு குடலைப் புரட்டும். மனக்காட்சிகளை எழுப்புவது அதிலுள்ள மெஸ்கலின் என்ற வேதிப்பொருள்.

இது புதுப்பழக்கமும் அல்ல. டெக்சாஸ் குகையொன்றில் கிடைத்த பெயோட்டி சுமார் 5,700 ஆண்டுப் பழமையானது. அமெரிக்காவில் பூர்வகுடிகளின் பெயோட்டித் திருச்சபை 1918-இல் பதிவானது. ஆனாலும் முழுச் சட்டப் பாதுகாப்பு 1994-இல்தான் வந்தது, மிகத் தாமதம்!

என் கவலை வேறு. இந்தக் கள்ளி முதிரவே பத்தாண்டுக்கு மேலாகும். தலையை மட்டும் அரிந்தால் மீண்டும் துளிர்க்கும்; அனுபவம் தேடி வரும் வெளியாட்களோ வேரோடு பிடுங்கிவிடுகிறார்கள்.