"யோபுவைப் போல் இருங்கள்" என்கிறார்கள்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

பக்கவாதத்தால் படுக்கையில் விழுந்த என் கணவரைச் சில ஆண்டுகளாக நான் ஒருத்தியே கவனித்து வருகிறேன். படுக்கைப்புண் வந்துவிடக் கூடாதென்று இரவிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து அவரைப் புரட்டிப் படுக்க வைக்கிறேன். பிறகு தூக்கம் வராமல் வேதத்தைத் திறந்தால், ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தும் மனத்தில் எதுவும் நிற்பதில்லை. ஜெபிக்க முழங்காலிட்டால் தேவன்மேல் கோபம்தான் வருகிறது. சபையில் விசாரிப்பவர்கள், "யோபுவைப் போல் பொறுமையாயிருங்கள்" என்கிறார்கள். நானும் சிரித்தபடி தலையாட்டுகிறேன். விசுவாசத்தை இழந்துகொண்டிருக்கிறேனோ என்று பயமாக இருக்கிறது.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களிடம் அப்படிச் சொன்னவர்கள் வேதத்தில் யோபு புத்தகத்தின், எல்லாவற்றையும் இழந்தும் அவர் தேவனைக் குறைசொல்லாத முதல் இரண்டு அதிகாரங்களோடு நின்றுவிட்டார்கள் என்றே தோன்றுகிறது. மூன்றாம் அதிகாரத்தில் அவர் தாம் பிறந்த நாளைச் சபிக்கிறார். தொடர்ந்து பல அதிகாரங்களில் தேவனோடே வழக்காடுகிறார். கர்த்தர் அவரையும் கேள்வி கேட்டார் என்பது உண்மைதான். ஆனாலும் தம்மைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று கோபித்துக்கொண்டது, புத்தி சொல்ல வந்த நண்பர்களிடத்தில்தான். இவ்வளவும் பேசிய மனிதரின் பொறுமையைத்தான் யாக்கோபு தம் நிருபத்தில் நமக்கு நினைப்பூட்டுகிறார். எனவே, கோபத்தோடேனும் நீங்கள் இன்னும் முழங்காலிடுவதை விசுவாசத்தின் முடிவாக நான் எண்ணவில்லை.

எனக்குக் கவலை தருவது அந்தச் சிரிப்பும் உங்கள் தூக்கமின்மையும்தான். இரவுதோறும் துண்டுபடும் தூக்கம் கவனத்தையும் நினைவையும் குலைக்கும். வசனம் மனத்தில் நிற்காததற்கு அதுவே போதிய காரணம். சூரைச்செடியின் கீழ்ப் படுத்து, சாக வேண்டும் என்று கேட்ட எலியா தீர்க்கதரிசியைத் தேவன் முதலில் கடிந்துகொள்ளவில்லை. தூங்கவிட்டு, தூதனை அனுப்பித் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடியும் தூங்கவிட்டு, மறுபடியும் உண்ணச் செய்தார். கிருபை இப்படியும் வரும். "என் கிருபை உனக்குப் போதும்" என்ற வசனத்தைக் காட்டி, எல்லாவற்றையும் தனியே சுமக்கும்படி உங்களிடம் சொல்ல எனக்குத் துணிவில்லை. மோசேயின் கைகள் தளர்ந்தபோது அவற்றை ஆரோனும் ஊர் என்பவரும் இருபுறமும் தாங்க வேண்டியிருந்தது.

ஆகவே அடுத்த முறை விசாரிப்பவர்களிடம், "வாரத்தில் ஓர் இரவு என் கணவரைப் பார்த்துக்கொள்ள முடியுமா?" என்று வெளிப்படையாகக் கேளுங்கள். சிலர் நழுவுவார்கள், ஒருவராவது வருவார் என்று நம்புகிறேன். காற்றுப் படுக்கை பயன்படுத்தினால் இரவில் புரட்டும் இடைவெளியை நீட்டலாமா என்று அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். சோர்வும் எதிலும் நாட்டமின்மையும் 2 வாரங்களுக்கு மேல் ஏறக்குறைய எல்லா நாளும் நீடித்தால், உங்களுக்காகவும் ஒரு மருத்துவரைப் பாருங்கள்; சாக வேண்டும் என்ற எண்ணம் தலைதூக்கினால் ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம்.

ஜெபம் வராத இரவுகளில், "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்று தொடங்கும் 13-ஆம் சங்கீதத்தை மட்டும் வாசியுங்கள், ஆறே வசனங்கள். நம்பிக்கையைச் சொல்லும் கடைசி இரண்டு வசனங்களைச் சொல்ல மனம் வராவிட்டால், இப்போதைக்கு நான்காம் வசனத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.